தோங் ஹோவை வெயில் ஊரில் விதைக்கலாமா, மலைக்கே விட்டுவிடலாமா?

ஈப்போ_வள்ளி:
வணக்கம். ஸ்டீம்போட்டில், அதாவது மேஜையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடும் சூப்பில், போடுகிற தோங் ஹோ இருக்கிறதே, சாமந்தி வாசனை அடிக்கும் கீரை, ஜப்பான்காரர்கள் ஷுங்கிகு என்பார்கள், அதன் விதை இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. பாக்கெட்டின் பின்னால் ‘குளிர் பருவத்தில் விதைக்கவும்’ என்று போட்டிருக்கிறார்கள். மலேசியாவில், இந்த ஈப்போவில் ஏது குளிர் பருவம்? வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மதியத்துக்கு மேல் நிழல் விழும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக விதைக்கலாம். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கோத்தகிரி_மணி:
வேண்டாம் என்று நான் சொல்கிறேன் அக்கா. இது மத்தியதரைக் கடலோரத்துச் செடி. அங்கே குளிர்கால மழையில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடை உறைப்பதற்குள் விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோகிற ஜாதி. 15லிருந்து 20 டிகிரி வரை நிம்மதியாக இலை விடும், 25ஐத் தாண்டி நின்றால் தண்டு நீண்டு, இலை சிறுத்து, கசப்பு ஏறிவிடும். உங்கள் ஊரில் பகல் 32, 33. தைவானிலேயே அது குளிர்காலக் கீரைதான். உங்கள் நாட்டுக் குளிர்மலையான கேமரன் மலையில் விளைகிறது, அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அந்த இடத்தில் காங்கோங் என்கிற வள்ளல் கீரையைப் போடுங்கள், வாரி வாரிக் கொடுக்கும்.

ஸ்காபரோ_தோட்டம்:
தம்பி மணி, வெப்பம் பாதிக் கதைதான். இந்தச் செடியைப் பூக்கத் தள்ளுவது பகலின் நீளமும்கூட. டொராண்டோவில் ஜூன் மாதம் பகல் 15 மணி நேரத்துக்கு மேல் போகும், அப்போது கடும் வெயில் இல்லாவிட்டாலும் மே கடைசியில் போட்டது இலை திரளுவதற்குள் மொட்டு கட்டிவிடும். அதனால் இங்கே ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் ஒரு விதைப்பு, அப்புறம் ஆகஸ்ட் நடுவில் ஒரு விதைப்பு. ஆகஸ்டில் போட்டதுதான் ருசி, லேசான உறைபனியைக்கூடத் தாங்கும். வள்ளி அக்காவுக்கு வருசம் முழுக்கப் பகல் 12 மணி நேரம். எங்களுக்கு இல்லாத அந்த வசதி அவருக்கு இருக்கிறது, அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை?

கோத்தகிரி_மணி:
எங்களுக்கும் பகல் கிட்டத்தட்ட 12, 13 மணிதான் ஐயா. ஆனாலும் ஏப்ரல் வெயிலில் இலையைக் கிள்ளி வாயில் போட்டால் நாக்கு சுருங்கும். கசப்புக்கு மொட்டு வந்தாக வேண்டும் என்றில்லை.

ஈப்போ_வள்ளி:
மணி சொல்கிற வெப்பக் கணக்கு சரி. ஆனால் அது செடியை வளரவிட்டு நுனி கிள்ளிச் சாப்பிடுகிறவர்களுக்கான கணக்கு. ஜப்பானிலேயே ரெண்டு வழக்கம் உண்டு. டோக்கியோ பக்கம் செடியை உயரவிட்டு, அடியில் நாலைந்து இலை விட்டு நுனியை ஒடிப்பார்கள், பக்கக்கிளை வர வர மறுபடி ஒடிப்பார்கள். ஒசாகா, கியோத்தோ பக்கம் அடியிலேயே கிளைத்துப் படரும் ரகத்தைப் போட்டு வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டுவார்கள். எனக்கு வேண்டியது ரெண்டாவது. சிறுகீரைக்குத் தூவுவது போல நெருக்கித் தூவி, முப்பது, முப்பத்தைந்து நாளில் ஒரு சாண் உயரம் வருவதற்கு முன்பே பிடுங்கிவிட்டால் கசப்பு முற்ற நேரம் ஏது? ரகமும் பார்க்க வேண்டும். ஆழமாக வெட்டுப்பட்ட இலை வாசனை தூக்கலாக இருக்கும், அகல இலை ரகம் சாது. நான் எடுப்பது அகல இலை.

மதுரை_மாடி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் பூச்சந்தையில் சாமந்தி மலிவு. அந்தப் பூவைக் காயவைத்து விதை எடுத்து, முளைத்த இலையைப் பொரித்துச் சாப்பிட்டால் ஆகாதா?

கோத்தகிரி_மணி:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. பூச்சாமந்தி பல வருசச் செடி, பக்கக்கன்றும் வெட்டுத்தண்டும் நட்டு வளர்ப்பது. நாம் பேசுவது ஒரே பருவத்தில் முடிகிற வேறு செடி. 1753ல் தாவரங்களுக்குப் பெயர் வைத்த அறிஞர் லின்னேயஸ் ரெண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார், இப்போது இதை கிளெபியோனிஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஜப்பானில் யாமகாட்டா பக்கம் சாமந்திப் பூவிதழைச் சாப்பிடுகிறார்கள், அது உண்பதற்கென்றே தேர்ந்த ரகம். மாலைக்கு வளர்க்கிற பூவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அடுப்பங்கரைக்குள்ளேயே அதை விடக்கூடாது. இன்னொன்று, சாமந்தி வகை பட்டால் கை அரிக்கிறவர்கள் இந்தக் கீரையையும் கவனமாகத் தொட வேண்டும்.

அக்கா, உங்கள் வழிக்கு வருகிறேன். முளைப்புக்கு என்ன செய்வீர்கள்? நல்ல விதையே பாதிக்குப் பாதிதான் முளைக்கும், சூட்டில் இன்னும் குறையும்.

ஈப்போ_வள்ளி:
அதனால்தான் தாராளமாகத் தூவுவது. விதை பழுப்பாக, ஓரம் கோணலாக, மேலே வரி வரியாக இருக்கும், பார்த்தால் உடைந்த உமித்துண்டு மாதிரி. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெயில் தாழ்ந்ததும் தூவி, மெல்லிசாக மண் தூற்றி, பலகையால் அழுத்தி, மேலே ஈரச் சாக்கு மூடினால் மண் குளிரும்.

கோத்தகிரி_மணி:
சாக்கு மூடினால் வெளிச்சம் எங்கே? இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மெல்லிசாக மண் தூற்றச் சொல்வதே அதற்காகத்தான்.

ஸ்காபரோ_தோட்டம்:
மணி சொல்வது சரி. சாக்குக்குப் பதில் நிழல்வலையை மடித்துத் தரையோடு விரியுங்கள், தண்ணீர் அதன் மேலேயே தெளிக்கலாம். ஒரு வாரம், பத்து நாளில் பச்சை தெரிந்ததும் வலையைத் தூக்கிக் கம்பில் கட்டுங்கள். இலையில் வெள்ளைக் கோடு நெளிந்து நெளிந்து போனால் அது இலைக்குள் துளைக்கிற புழு, அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும், மருந்து வேண்டாம். அப்புறம், விதைக்கு என்று ரெண்டு செடியை விட்டால், அந்தப் புது விதையை உடனே போடாதீர்கள், சில மாசம் உறங்கித்தான் முளைக்கும்.

ஈப்போ_வள்ளி:
சரி, சாக்கு வேண்டாம், வலைதான்.

கோத்தகிரி_மணி:
அப்படியும் என் கட்சி மாறவில்லை. நீங்கள் ஒரு பாக்கெட் விதைக்கு ஒரு தரம் பிடுங்குவீர்கள், இங்கே அதே விதையில் பருவம் முழுக்க ஒடித்துக்கொண்டிருப்போம். சமைத்தால் ஒரு கூடை ஒரு கிண்ணமாகச் சுருங்குகிற கீரைக்கு, ஒரு தரம் பிடுங்கி என்ன மிஞ்சும்?

ஈப்போ_வள்ளி:
விதை மலிவு மணி, நிலம் சும்மா கிடப்பதுதான் நஷ்டம். ரெண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று மாற்றி மாற்றிப் போட்டால் வீட்டுக்குக் குறை இருக்காது. கசப்பும் பாதி அடுப்பில்தான் இருக்கிறது. தண்டைக் கொதிக்கும் ரசத்திலோ சூப்பிலோ முதலில் போட்டு, இலையைக் கடைசியில் போட்டு உடனே இறக்க வேண்டும், வதக்கிக்கொண்டே நின்றால் கசக்கத்தான் செய்யும். கொஞ்சம் முற்றிப்போனதைக் கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள், ஜப்பான்காரர்கள் டெம்புரா போடுகிற அதே கீரைதானே. முதல் பாத்தியை இந்த வாரமே போடுகிறேன்.