இடுப்புக் கத்தி: பட்டறைல அடிச்சு வாங்கவா, ஸ்டெயின்லெஸ் ஆர்டர் போடவா?

மிளகுக்கொடி:
தாண்டிக்குடி பக்கம் காப்பி, மிளகு, நடுவுல மலைவாழை. பெரிய வெட்டுக்கு அரிவாள் இருக்கு, அதப்பத்தி கேக்கல. இடுப்புலயே கெடக்குற மாதிரி மடக்காத கத்தி ஒண்ணு வேணும், அலகு 4, 5 இஞ்ச் போதும். கயிறு அறுக்க, நாத்துப்பை கிழிக்க, குச்சி சீவ, அப்புறம் மழைல ஊறுன வெறகப் பொளந்து உள்ள இருக்குற காஞ்ச சிராய எடுத்து அடுப்பு பத்த வைக்க. மடக்குக் கத்தி இங்க சரிப்படல, வாழைக்கறையும் மண்ணும் சேந்து மடங்குற எடத்துல இறுகிப்போகுது. ஐப்பசி கார்த்திகைல இங்க மழையும் மூட்டமும் எப்பிடின்னு உங்களுக்கே தெரியும். வருசக்கணக்கா ஒழைக்கணும், எது நல்லது?

பட்டறைமகன்:
அண்ணே, பட்டறைதான். லாரி பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். லோடோட மலை ரோட்டுல குழிக்குக் குழி வளைஞ்சு நிமிர்றதுக்குன்னே செஞ்ச ஸ்டீலு அது. 5160ங்குற ஸ்டீலு வகைன்னா கார்பன் 0.6 சதவீதம் கிட்ட, குரோமியம் 0.8 சுமாரு. அடிச்சாலும் நெம்புனாலும் சட்டுன்னு ஒடையாது. மழுங்குனா வீட்டுக் கல்லுலயே தீட்டிக்கலாம், பிடி ஆடுனா கொய்யாக் கட்டைல நாமளே வேற போட்டுக்கலாம். வெளிநாட்டுக் கத்தி பிடி போச்சுன்னா எங்க போய் நிப்பீங்க?

கோடைமூட்டம்:
ப்ரோ சொல்றது 5160ன்னு தெரிஞ்ச பட்டைக்கு சரி, ஆனா பழைய இரும்புக் கடைல எடுக்குற பட்டை என்ன கிரேடுன்னு யாரு பாத்தா? பல வருசம் ஓடுன பட்டைல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அது கத்தியானப்புறம்தான் வேலையக் காட்டும். இன்னொண்ணு, பட்டை ஸ்பிரிங்கா இருக்கும்போது ராக்வெல்ங்குற கடின அளவுல 45 சுமாருக்குதான் வச்சிருப்பாங்க, கத்திக்கு 56, 57 வேணும். நெறைய எடத்துல அத வெட்டி கிரைண்டர்ல தேச்சு பிடி போட்டு அப்பிடியே குடுத்துர்றாங்க, அது ரெண்டு நாள்ல மழுங்கும்.

அப்புறம் துரு. வாழை நாரு நாலு வெட்டுனாலே கார்பன் கத்தி கருநீலமா மாறிடும், தொடைக்காம விட்டா காலைல ஆரஞ்சுப் புள்ளி, புள்ளி அப்பிடியே குழியாகும், வாய்லயே, அதாவது வெட்டுற ஓரத்துலயே குழி விழுந்துச்சுன்னா எவ்ளோ தீட்டுனாலும் சுத்தமா வராது. ஸ்வீடன் மோரா கம்பெனியோட கம்பேனியன்ங்குற கத்தியப் பாருங்க, ஸ்டெயின்லெஸ் மாடல் 12சி27 ஸ்டீலு, குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல, அலகு 10 சென்டிமீட்டர் சொச்சம், கனம் 2.5 மில்லிமீட்டர். ராத்திரி நனைஞ்ச உறைல கெடந்தாலும் காலைல வெட்டும்.

பட்டறைமகன்:
தேச்சு விக்கிறவன வச்சு எல்லாப் பட்டறையையும் பேசாதீங்க. ஒழுங்கா செய்யறவங்க எப்பிடி செய்வாங்கன்னு சொல்றேன். அடிச்சு வடிவம் கொண்டுவந்ததும் காந்தம் ஒட்டாத சூடு வரைக்கும் ஏத்தி, அதுக்கு மேலயும் கொஞ்சம் செவக்க விட்டு, காய்ச்சுன எண்ணெய்ல எறக்கணும். தண்ணில எறக்குனா இந்த ஸ்டீலு விரிசல் விடும். எண்ணெய்லருந்து எடுத்தப்போ அது கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ போட்டா ஒடையும். அதனால 200 டிகிரி பக்கத்துல திரும்ப சூடாக்கி பதத்த எறக்கணும், தேச்சு வச்ச எடம் வைக்கோல் நெறத்துக்கு வந்தா போதும். இதத்தான் நாங்க துவைச்சல்னு சொல்றோம், கத்தியோட உசிரே இதுலதான். வாங்கும்போது ஒரு புது அரம் எடுத்து வாய் ஓரமா தள்ளிப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா துவைச்சல் ஏறிருக்கு. கரகரன்னு கடிச்சு தூள் உதுந்தா அந்தக் கத்திய அங்கயே வச்சுட்டு வந்துருங்க.

நீங்க சொல்ற கம்பேனியன்ல இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகல, பிளாஸ்டிக்குக்குள்ள பாதில நிக்குது. வெறகு மேல வச்சு முதுகுல கட்டையால அடிச்சா எத்தன நாளைக்கு?

கோடைமூட்டம்:
முழு இரும்பு வேணும்னா அதே கம்பெனில கார்பெர்க் இருக்கு, 3.2 மில்லிமீட்டர் கனம், பிடிக்குள்ள கடைசி வரைக்கும் இரும்புதான். அரம் வச்சுப் பாக்குறது நல்ல யோசனை, ஒத்துக்கறேன். ஆனா அரம் வாய் ஓரத்த மட்டுந்தான் சொல்லும், உள்ள இருக்குற விரிசல சொல்லாது.

கோத்தகிரி தேயிலை:
தம்பிகளா, ரெண்டு பேரும் ஸ்டீலப் பத்தியே பேசுறீங்க, கனத்தப் பத்தியும் வாய் எப்பிடித் தேச்சிருக்குங்குறதப் பத்தியும் யாரும் வாயத் தொறக்கல. இப்ப ஆன்லைன்ல விக்கிறது பாதி 6 மில்லி கனம், கைல வச்சா இரும்புக் கட்டி. வெறகு பொளக்கும் சரி, ஒரு குச்சி சீவிப் பாருங்க, உள்ள எறங்காம மேலயே தள்ளிட்டுப் போகும், அப்பதான் கை வழுக்கி வெட்டுப்படும். 3லருந்து 4 மில்லி இருந்தா இவரு சொல்ற வேலைக்கெல்லாம் தாராளம். மணிக்கட்டு கனத்துக்கு மேல உள்ள கட்டைய இந்தக் கத்தியால பொளக்கவே கூடாது, கணு இருக்குற எடத்துல அடிக்கவே கூடாது, அதுக்கு அரிவாள் இருக்கு, கோடாரி இருக்கு.

துருவுக்கு இவ்ளோ பயப்படவும் வேணாம். எங்க மலைல கோத்தர்கள் படகருக்கும் தோடருக்கும் காலங்காலமா இரும்பு சாமான் அடிச்சுக் குடுத்திருக்காங்க, இந்த மழைலதான் அதெல்லாம் பொழங்குச்சு. தெனமும் கைல இருக்குற இரும்பு துருப்பிடிக்காது, மூலைல போட்டதுதான் பிடிக்கும். தோல் உறைக்குள்ள ஈரத்தோட சொருகி வைக்கிறதுதான் கத்திக்கு எமன், தோல் ஈரத்த விடவே விடாது. ராத்திரி கத்திய வெளிய எடுத்துத் தொடச்சு தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. தேங்கா எண்ணெய்னா மார்கழிக் குளிர்ல ஒறைஞ்சு நிக்கும், சீரா பரவாது.

மலைப்பாதை:
நானும் இதே மாதிரி ஒண்ணு தேடுறேன். தோட்டத்துக்கு மேல காட்டுக்குள்ள நடக்கும்போது காட்டுமாடு குறுக்க வருது, கைல கத்தி இருந்தா ஒரு தைரியம், அதுக்கு இன்னும் நீளமா எடுக்கலாமா?

கோத்தகிரி தேயிலை:
அந்த நெனப்ப இப்பவே விட்டுருங்க தம்பி. காட்டுமாடு ஒரு டன் கிட்ட வரும், கத்திய நம்பி நின்னா உசிரு போகும், தூரமா வெலகி வழி விடறதுதான் ஒரே வழி. சட்டமும் இருக்கு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்னா என்னென்னன்னு சொல்ற எடத்துலயே கத்தியும் சேந்து வருது, 31வது பிரிவுப்படி எழுத்து மூலமா அனுமதி இல்லாம ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள போகவே கூடாது. கொடைக்கானல் 2013லருந்து சரணாலயம், இங்க முதுமலையும் சரணாலயந்தான். நீளத்துக்கும் ஒரு அளவு இருக்கு, 9 இஞ்ச்சுக்கு மேல நீளமோ 2 இஞ்ச்சுக்கு மேல அகலமோ இருந்தா ஆயுத விதிப் பட்டியல்ல வருது, விவசாயத்துக்கும் வீட்டுக்கும்னு செஞ்சதுக்குதான் விலக்கு. தோட்டக் கத்தி தோட்டத்தோட நிக்கட்டும்.

மிளகுக்கொடி:
எனக்கு தோட்டத்துக்குள்ளதான், எல்லை தாண்ட மாட்டேன். பட்டறை பக்கம்தான் மனசு போகுது, ஏன்னா பிடியும் வாயும் என் கைக்கு ஏத்தபடி கேட்டு வாங்கலாம். தம்பி, அடிக்கக் குடுக்கும்போது என்ன சொல்லணும்?

பட்டறைமகன்:
ஓடுன பட்டை வேணாம், புதுப் பட்டைத் துண்டா போடச் சொல்லுங்க, விரிசல் பயம் அதோட தீந்துச்சு. முதுகு 4 மில்லி, அலகு 4½ இஞ்ச். இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகணும், ரிவிட் மூணு. துவைச்சல் முடிஞ்சப்புறம் கிரைண்டர்ல தேச்சா வாய் நீலம் பாயக்கூடாது, நீலம் பாஞ்சா அந்த எடத்துல பதம் போச்சுன்னு அர்த்தம், தண்ணில முக்கி முக்கிதான் தேய்க்கணும். பக்கத்துல நின்னு பாருங்கண்ணே, நல்ல ஆசாரி கோவிச்சுக்க மாட்டாரு.

கோடைமூட்டம்:
புதுப் பட்டைன்னா எனக்கும் ஆட்சேபம் பாதி கொறைஞ்சிருச்சு. துரு விசயத்துல நான் மாறல, மழைல வேலை செய்யற ஆளு தெனமும் எண்ணெய் போடுவாருன்னு நம்பி ஸ்டீலு எடுக்க முடியாது. கார்த்திகை முடிஞ்சதும் வாய்ப்பக்கம் கிட்டத்துல ஒரு போட்டோ போடுங்கண்ணே, பாத்துட்டு மிச்சத்தப் பேசலாம்.