14 புள்ளியுடன் ரிவர்ஸ் செய்யலாமா? பிரிட்ஜில் ஓபனரின் (ஏலத்தைத் தொடங்குபவரின்) இரண்டாவது பிட் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (தெற்குக் கை):

நானும் என் பார்ட்னரும் ஐந்து சீட்டு மேஜர் முறையில் (ஸ்பேடு அல்லது ஹார்ட்டில் ஓபன் செய்ய ஐந்து சீட்டு வேண்டும்) இரண்டு ஆண்டுகளாகக் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆடி வருகிறோம். சென்ற வாரம் எனக்கு வந்த கை இது: ஸ்பேடில் கிங், 4, ஹார்ட்டில் ஏஸ், குயின், 8, 3, டைமண்டில் ஏஸ், ஜாக், 9, 6, 2, கிளப்பில் 7, 5. மொத்தம் 14 புள்ளிகள் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). நான் 1 டைமண்ட் என்று ஓபன் செய்தேன். பார்ட்னர் 1 ஸ்பேடு என்றார். நான்கு ஹார்ட்டைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது என்று எண்ணி 2 ஹார்ட் என்றேன். ஒன்பது புள்ளிகளே வைத்திருந்த அவர் நேராக 3 நோ டிரம்ப்புக்கு (துருப்பு இல்லாமல் ஒன்பது ட்ரிக்) போனார்; இரண்டு ட்ரிக் குறைந்து தோற்றோம். நான் 17 புள்ளிகள் காட்டியதாக அவர் சொல்கிறார். இரண்டாவது சூட்டை இயல்பாகச் சொன்னேன் என்பது என் தரப்பு. எங்கள் இருவரில் யார் தவறினோம்? இந்தக் கைக்குச் சரியான ரீபிட் (இரண்டாவது பிட்) எது?

பதில் (பழைய ஸ்கோரர்):

தவறு உங்களுடையதுதான், ஆனால் இருவரும் இதை முன்பே பேசி வைக்காததில் அவருக்கும் பங்கு உண்டு.

நீங்கள் செய்தது ரிவர்ஸ், அதாவது முதல் சூட்டைவிட உயர்ந்த சூட்டை இரண்டாம் மட்டத்தில் சொல்வது (கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேடு, நோ டிரம்ப் என்பதே ஏலத்தின் ஏறுவரிசை). 2 ஹார்ட் ஏன் பலமான கையைக் காட்டுகிறது என்பதைப் பார்ட்னரின் இடத்தில் அமர்ந்து பாருங்கள். அவருக்கு ஹார்ட் பிடிக்கவில்லை, உங்கள் முதல் சூட்டுக்கே திரும்ப விரும்புகிறார் என்றால் 3 டைமண்ட் சொல்ல வேண்டும். அதாவது, ஆறே புள்ளிகள் உள்ளவரையும் ஒன்பது ட்ரிக் எடுக்கும் உயரத்துக்கு நீங்கள் தள்ளிவிடுகிறீர்கள். சூட்டுகள் இடம் மாறி 1 ஹார்ட், 1 ஸ்பேடு, 2 டைமண்ட் என்று ஏலம் நடந்திருந்தால் அவர் 2 ஹார்ட்டில் இறங்கி நின்றிருப்பார். அதனால் அதற்குக் கூடுதல் பலம் தேவைப்படவில்லை. ரிவர்ஸுக்கு 17 புள்ளிகள், அல்லது நல்ல 16, என்ற கணக்கு இந்த உயரத்திலிருந்து வந்ததுதான்.

உங்கள் கைக்கு என் தேர்வு 1 நோ டிரம்ப், அதாவது 12 முதல் 14 வரை. நான்கு ஹார்ட் தொலைந்துவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. நான்கு ஸ்பேடும் நான்கு ஹார்ட்டும் உள்ள பார்ட்னர் கீழிருந்து மேலாக 1 ஹார்ட்தான் முதலில் சொல்லியிருப்பார். ஆகவே 1 ஸ்பேடு சொன்னவரிடம் நான்கு ஹார்ட் இருந்தால் ஸ்பேடு ஐந்து சீட்டாவது இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் பலவீனமாக இருந்தால் உங்கள் 1 நோ டிரம்ப்புக்குப் பின் தாமே 2 ஹார்ட் சொல்வார், நீங்கள் பாஸ் செய்யலாம். அவரிடம் 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் நியூ மைனர் ஃபோர்சிங் உடன்பாட்டின்படி (இதுவரை சொல்லாத மைனர் சூட், அதாவது கிளப் அல்லது டைமண்ட், ஒரு கேள்வி) 2 கிளப் என்று கேட்பார், நீங்கள் 2 ஹார்ட் என்று நான்கைக் காட்டுவீர்கள். இந்த உடன்பாடு உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் (டம்மி):

மேலே உள்ளவர் சொன்னதில் ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். கிளப்பில் 7, 5 மட்டும் வைத்துக்கொண்டு நோ டிரம்ப் சொல்ல எனக்குக் கை வராது. நான் 2 டைமண்ட் சொல்வேன். பார்ட்னர் ஆறு டைமண்டை எதிர்பார்ப்பார் என்பது உண்மையே என்றாலும், ஏஸ், ஜாக், 9 கொண்ட ஐந்து சீட்டு அவரைப் பெரிதாக ஏமாற்றாது. எதுவானாலும் 2 ஹார்ட் இல்லை.

பதில் (பழைய ஸ்கோரர்):

2 டைமண்ட் சொன்னால் ஐந்து ஸ்பேடு, நான்கு ஹார்ட் வைத்திருக்கும் பலவீனமான பார்ட்னர் அங்கேயே நின்றுவிடுவார், ஹார்ட் ஃபிட் (இருவரிடமும் சேர்த்து எட்டுச் சீட்டு) அப்போதுதான் உண்மையில் தொலையும். ஸ்பேடில் கிங்குடன் இரண்டு சீட்டு இருப்பதும் நோ டிரம்ப்புக்கே சாதகம். ஸ்பேடில் ஒற்றைச் சீட்டாக, கை (ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளப் வரிசையில்) 1-4-5-3 என்று அமைந்திருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் தயங்குவேன். ஒற்றைச் சீட்டுடன் 1 நோ டிரம்ப் சொல்வதற்குப் பார்ட்னரின் முன்சம்மதம் வேண்டும்.

பதில் (கிழக்கு வாசல்):

ரிவர்ஸ் என்றால் பலம், ஒரு சுற்று பாஸ் செய்யக் கூடாது என்பதோடு பல ஜோடிகள் பேச்சை முடித்துக்கொள்கின்றன. சிக்கல் அடுத்த பிட்டில்தான் இருக்கிறது. ஆறு, ஏழு புள்ளிகள் உள்ள பார்ட்னர் தம் பலவீனத்தை எப்படிச் சொல்வார்? ரிவர்ஸுக்குப் பின் 2 நோ டிரம்ப் எப்போதும் பலவீனம், மூன்றாம் மட்டத்தில் சொல்வதெல்லாம் கேம் (போனஸ் தரும் ஒப்பந்தம்) வரை கட்டாயம் என்பது ஒரு வழி. இதை இங்பர்மன் என்பார்கள். நான்காவது சூட் (இதுவரை யாரும் சொல்லாதது), 2 நோ டிரம்ப் ஆகிய இரண்டில் எது மலிவோ அதுவே பலவீனம் என்பது இன்னொரு வழி. அதன் பெயர் பிளாக்அவுட். உங்கள் ஏலத்தில் நான்காவது சூட்டான கிளப் மூன்றாம் மட்டத்தில் இருப்பதால் இரண்டு வழிகளிலும் விடை 2 நோ டிரம்ப்தான். ஆனால் 1 கிளப், 1 ஹார்ட், 2 டைமண்ட் என்று போனால் பிளாக்அவுட்டில் 2 ஸ்பேடு பலவீனமாகிவிடும். ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் நினைத்துக்கொண்டிருந்தால் அன்றைய ஆட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டில் எதை எடுத்தாலும் சரி, ஆனால் எழுதி வையுங்கள்.

2 ஓவர் 1 கேம் ஃபோர்சிங் (ஓபனுக்குப் பதிலாக இரண்டாம் மட்டத்தில் புதிய சூட் சொன்னால் கேம் வரை கட்டாயம்) ஆடினால் 1 ஹார்ட், 2 கிளப், 2 ஸ்பேடு என்ற ஏலத்தையும் தனியே பேசுங்கள். கேம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் அங்கே கூடுதல் பலம் வேண்டியதில்லை என்று ஆடுவோரும் இருக்கிறார்கள், வேண்டும் என்போரும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 14 புள்ளியுடன் நீங்கள் அடிக்கடி ரிவர்ஸ் செய்து, பார்ட்னரும் அதற்குப் பழகிவிட்டால், பேசாமலே அது உங்கள் உடன்பாடாகிவிடும். டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டத்தின் 40ஆவது விதி அனுபவத்தால் உருவாகும் உடன்பாட்டையும் கணக்கில் எடுக்கிறது. எதிர்த்தரப்பு கேட்டால் பார்ட்னர் அதைச் சொல்லியாக வேண்டும்.

தெற்குக் கை:

நன்றி. 1 நோ டிரம்ப், அதன்பின் 2 கிளப் கேள்வி, ரிவர்ஸுக்குப் பின் 2 நோ டிரம்ப் பலவீனம் என மூன்றையும் இன்று மாலையே பார்ட்னரிடம் பேசுகிறேன். அவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.