வால்பாறை மழைக்காட்டில் நான்கு அடுக்குகள் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

கேள்வி – பள்ளி ஆசிரியை

வணக்கம். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக வால்பாறைக்கு அழைத்துச் சென்றேன். மிக உயர்ந்த மரங்கள், விதானம் (மர உச்சிகள் கூரைபோல் இணையும் அடுக்கு), கீழடுக்கு, தரை என்று மழைக்காட்டை நான்காகப் பிரித்துக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருந்ததால், வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு மாணவி, "டீச்சர், நாலு அடுக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டாள். எனக்கும் கொடிகள் பின்னிய ஒரே பச்சைச் சுவராகத்தான் தெரிந்தது. அடுக்குகள் என்பவை பாடநூலின் வசதிக்காகச் சொல்லப்படுபவைதாமா? மேலும், மழைக்காட்டு மண் சத்துக் குறைந்தது என்று படிக்கிறோம். அப்படியானால் அதே மலையில் தேயிலை மட்டும் எப்படிச் செழிக்கிறது?

பதில் 1 – எஸ்டேட்வாசி

வணக்கம், டீச்சர். நீங்கள் பார்த்த பச்சைச் சுவர் சாலை போட்டதால் உண்டானது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஓரங்களில் கொடியும் புதரும் மண்டிவிடும். அதைத் தாண்டி உள்ளே சென்றால், அரிவாளால் வெட்டி வழி உண்டாக்கும் தேவையே இல்லாமல் தாராளமாக நடக்கலாம். (மழை மாதங்களில் அட்டைகள் அந்தத் தாராளத்தை அனுபவிக்க விடமாட்டா என்பது வேறு கதை.) உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே தரையை எட்டுவதால், அங்கே அடர்ந்து வளர எந்தச் செடிக்கும் வழியில்லை.

அடுக்குகள் உண்மையானவையே. ஆனால் அலமாரித் தட்டுகளைப் போல அவற்றுக்கிடையே கோடு இருக்காது. வெளிச்சம் படிப்படியாகக் குறைவதற்கேற்ப மரங்கள் தமக்கான உயரத்தில் நிற்கின்றன. இங்கே விதானம் ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் இருக்கும். சில மரங்கள் அதையும் மீறித் தலைதூக்கும். கீழடுக்கில் நிற்பவை எல்லாம் குட்டை மரங்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பெருமரங்களின் கன்றுகள், பக்கத்தில் ஒரு மரம் சாய்ந்து வானம் திறக்கும் நாளுக்காக, ஆண்டுக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மரத்தைக் காட்டுவதென்றால் வெடிப்பலாவைக் காட்டுங்கள். பெயரில் பலா இருந்தாலும் இது துரியனின் நெருங்கிய உறவு. உதிர்ந்து கிடக்கும் இலையைப் புரட்டினால், அடிப்பக்கம் வெள்ளியும் செம்பும் கலந்தாற்போல மின்னும். இதழே இல்லாத பழுப்புப் பூக்கள் கிளைகளின் மேலேயே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கும். சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) அவற்றைத் தின்னும்போது கீழே உதிர்பவைதாம் நம் கண்ணில் படும். காய்கள் முள் நிறைந்தவை. தரையில் நிற்கும் நமக்கு விதானத்தில் நடப்பவை இப்படி விழுந்த பொருள்கள் வழியாகவே தெரிய வருகின்றன.

பதில் 2 – மண்ணும் வேரும்

மண் பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மழைக்காட்டின் சத்தில் பெரும்பங்கு மண்ணில் தங்குவதில்லை; உயிருள்ள மரங்களிலும் மட்கும் சருகிலும் இருக்கிறது. சருகுப் படலத்தைச் சற்றே விலக்கிப் பாருங்கள். வெண்ணூல் போன்ற பூஞ்சை இழைகளும் மெல்லிய வேர்களும் இலைகளோடு இலையாகப் பின்னிக் கிடக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் இலை விரைவாக மட்க, வெளிப்படும் சத்தை மழை அடித்துச் செல்லுமுன் இவை உறிஞ்சிவிடுகின்றன. பல மரங்களுக்கு வேர்கள் ஆழம் போகாமல் மேலாகவே பரவுவதும், அடிமரத்தைத் தாங்கப் பலகை வேர்கள் விரிவதும் இதனோடு சேர்ந்தவை.

மழை கழுவிய மண் அமிலத்தன்மை மிகுந்தது, தேயிலையோ அமில மண்ணை விரும்பும் பயிர். கொழுந்தைப் பறித்துப் பறித்து வெளியே அனுப்புவதால் இழக்கும் சத்தை எஸ்டேட்டுகள் உரமாக இட்டு ஈடுசெய்கின்றன. உரத்தை நிறுத்தினால் செழிப்பின் கணக்கு தெரிந்துவிடும். மழைக்காட்டு மண் எல்லாமே ஏழை மண் என்று எழுதிப்போடுவதும் சரியன்று. ஜாவாவின் எரிமலை மண் மிக வளமானது.

பதில் 3 – சோலைக்காட்டான்

ஒரு சிறு சேர்க்கை. சோலை என்ற சொல் மாணவர்களைக் குழப்பும். சூழலியலில் சோலைக்காடு என்பது ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேல், புல்வெளிகளுக்கிடையே மலை மடிப்புகளில் நிற்கும் குட்டையான காடு. வால்பாறையைச் சுற்றியுள்ளது அதற்குக் கீழே அமைந்த, உயரமான மரங்கள் கொண்ட மழைக்காடு. ஆனால் ஊர் வழக்கு இரண்டையும் சோலை என்றே சொல்கிறது: ஆனைமலையின் டாப்சிலிப்பில் உள்ள கரியன்சோலை மழைக்காடுதான், சோலைமந்தி வாழ்வதும் மழைக்காட்டில்தான்.

நிலநடுக்கோட்டுக் காடுகளைப் போல இங்கே ஆண்டு முழுவதும் மழை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகு, ஆண்டின் முதல் மாதங்கள் காய்ந்தே போகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே செல்லச் செல்ல இந்த வறண்ட காலம் நீள்கிறது.

பள்ளி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்ல ஏற்ற மாதம் எது?

எஸ்டேட்வாசி

பிப்ரவரி. வெடிப்பலா பூத்திருக்கும், அட்டை குறைவாக இருக்கும். உள்ளே செல்ல வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.