மீன் தள்ளிப் போனது எதனால்: கடல் சூடா, இழுவைப் படகா?

கரைவலை:
அப்பா முன்பெல்லாம் கரை தெரியும் தூரத்திலேயே வலை விடுவார். இப்போது டீசலைக் கொட்டி வெகுதூரம் போனாலும் வலையில் பாதி சொறி மீன்தான் (ஜெல்லி மீன்). அவர் இழுவைப் படகுகளைத் திட்டுகிறார். தங்கை காலநிலை மாற்றம் என்கிறாள். வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெரிய இன்ஜினுக்கு வேறு கடன் கேட்கிறார்.

நீரோட்டம்:
மீன்வள ஆய்வில் வேலை பார்த்தவன் நான். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது தம்பி. பசுமை இல்ல வாயுக்களால் பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. பெரும்பாலான மீன்களுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்புச் சூடு. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ தேவை கூடும். அதனால் ஆழத்துக்கோ துருவப் பக்கமோ நகரும். போதாததற்கு, மேலே சூடான நீர் மூடி போட்டது போல நின்றுவிட்டால் அடியிலிருந்து சத்து ஏறி வராது. மிதவை உயிர்கள் குறையும், அவற்றைத் தின்னும் சின்ன மீனும் குறையும்.

அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருக்கும் பேரிங் கடலில் பனி நண்டுக்கு நடந்ததைப் பாருங்கள். 2018, 2019 வெப்ப அலைக்குப் பிறகு கோடிக்கணக்கில் காணாமல் போயின. சூட்டில் பசி கூடி, இரை போதாமல் செத்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. 2022இல் அந்த நண்டுப் பிடிப்பையே முதன்முறையாக மூடினார்கள். அதைப் பிடித்தே தீர்த்தோம் என்று சொல்ல முடியாது.

அதற்காக இழுவைப் படகை விட்டுவிடவும் முடியாது. குஞ்சு குளுவானோடு அள்ளிய கடலுக்குச் சூட்டைத் தாங்கும் தெம்பு குறைவு. சொறி பெருகவும் இரண்டுமே வழி விடும். கடன் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மீன் தள்ளிப் போகப் போக இன்னும் பெரிய இன்ஜின் கேட்கும், அதற்கு முடிவே இல்லை.

ஏலக்கூடை:
படகைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கரையில் மீன் வாங்கி விற்பவள். புயல் எச்சரிக்கை என்று கடலுக்குப் போகாத நாளில் நிவாரணம் வந்தால், பட்டியலில் படகுக்காரர் பெயர் இருக்கும். கூடை தூக்குகிறவள், மீன் காய வைக்கிறவள், வலை பின்னுகிறவள் யாரும் இருக்க மாட்டோம். மீன் குறைந்தால் முதலில் வெளியே போவதும் நாங்கள்தான். பெரிய வியாபாரி இருப்பதை மொத்தமாக எடுத்துப் போய்விடுவார்.

அப்புறம் மணல். கடல் ஏறுகிறது என்று கல்லைக் கொட்டினார்கள். வீடு தப்பியது, சரி. ஆனால் சுவருக்கு முன்னால் இருந்த மணல் போய்விட்டது. படகை எங்கே ஏற்றுவது, மீனை எங்கே காய வைப்பது? அடுத்த ஊர்க் கரையையும் கடல் அரிக்கிறது.

கரைவலை:
அக்கா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவும் கூடைதான் தூக்குகிறாள். ஐயா, எது எவ்வளவு காரணம் என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா?

நீரோட்டம்:
ஓரளவு உண்டு. தேதி, இடம், ஆழம், என்ன இனம், என்ன அளவு என்று அப்பா சொல்லச் சொல்லத் தங்கை நோட்டில் எழுதட்டும். முடிந்தால் தண்ணீர் வெப்பத்தையும். வெப்பக் கடல் மீன் புதிதாக வந்து நிலைத்தால் சூட்டின் பக்கம் சந்தேகம் வலுக்கும். எல்லா இனமும் ஒன்றாகத் தேய்ந்தால் அதிகப் பிடிப்பின் பக்கம். ஒரு வருஷத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஏலக்கூடை:
ஏலத்துக்கு வராமல் கரையில் கொட்டுகிற மீனையும் எழுதச் சொல்லுங்கள். பேர் தெரியாத புது மீன் முதலில் அங்கேதான் கிடக்கும்.