எழுத்தின் தலையில் இருக்கும் குறி: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூரிலிருந்து:
பதினோரு வருஷமாக, துணியை எப்படித் துவைப்பது என்று சொல்லும் வாஷ்கேர் லேபிள் அடிக்கிற இடத்தில் ஆர்ட்வொர்க் பார்க்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகிற பனியனின் உள்தையலைத் திருப்பிப் பாருங்கள், விரலளவு ரிப்பனில் ஏழெட்டு மொழி இருக்கும். அதில் ஒன்றுகூட எங்களுக்குப் படிக்கத் தெரியாது.

ஒரு குழந்தைகள் ஆர்டர். சைஸ் லேபிளில் 2-3 வயது என்று ஸ்பானிஷில் வரவேண்டும். வருடங்களுக்கு அவர்கள் சொல் ஆன்யோஸ், நடுவில் இருக்கும் ‘என்’ (n) எழுத்தின் தலையில் ஒரு அலைக்கோடு உண்டு. ஆர்டர் கொடுத்த பையர் கம்பெனி அனுப்பிய சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்ததும், அந்த ஓரெழுத்து இருந்த இடத்தில் அலைக்கோடு போட்ட பெரிய ‘ஏ’யும் கூட்டல் கழித்தல் குறியும் நின்றன. ஏதோ குப்பை விழுந்துவிட்டது என்று எங்கள் தம்பி ஒருவர் இரண்டையும் அழித்துவிட்டு வெறும் ‘என்’ அடித்துவிட்டார். அடுத்த வரி போர்ச்சுகீஸ். அந்த மொழியில் வருடங்களுக்கு அலைக்கோடே கிடையாது, அதனால் செக்கிங் பார்த்த நானும் இரண்டு வரியும் ஒத்துப்போகிறது, சரி என்று விட்டுவிட்டேன். ஸ்பானிஷில் கோடு இல்லாத அந்தச் சொல்லுக்கு ஆசனவாய் என்று பொருள். குழந்தைச் சட்டையில்! நல்லவேளை, தையலுக்குப் போகும் முன் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அக்கா பிடித்துவிட்டார். அடித்த ரோல் எல்லாம் வீண். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் தரும் பட்டியல்தான் யூனிகோட், அதில் அந்த எழுத்தின் எண் 241. அந்த எண்களை ஃபைலில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 195, 177 என்று இரண்டு பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. எக்செல் அதை விண்டோஸ் 1252 என்ற பழைய ஐரோப்பிய எழுத்துப் பட்டியலை வைத்துப் படித்தால் 195 அலைக்கோட்டு ‘ஏ’ ஆகிறது, 177 கூட்டல் கழித்தல் குறி ஆகிறது. ஃபைலில் எழுத்து பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, நாங்கள்தான் அழித்திருக்கிறோம். இப்போது டேட்டா மெனு வழியாகப் போய், 65001 என்ற யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துத்தான் திறக்கிறோம். பல், பல என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிதானே, அதை யாராவது தூசி என்று துடைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கோவையிலிருந்து:
தம்பி குப்பை என்று நினைத்ததில் ஆச்சரியமில்லைங்க. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி வேலையில் இருந்த எங்களுக்கு அந்தக் கோடு போட்ட எழுத்துகள் அறிமுகமானதே அப்படித்தான். யூனிகோடுக்கு முன், டிஸ்கி மாதிரி பழைய தமிழ் எழுத்துக் குறிமுறைகளில் 128க்கு மேலுள்ள இடங்களில்தான் தமிழை உட்காரவைத்திருந்தார்கள். ஐரோப்பியப் பட்டியலில் அதே இடங்களில் பிரெஞ்சு, ஸ்பானிஷ் எழுத்துகள். கல்யாணப் பத்திரிகை ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மாப்பிள்ளை பேர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் தலையில் கோடும் புள்ளியுமாக நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு ஃபான்ட் தேடி இன்னொரு சென்டருக்கு பைக்கில் ஓடியிருக்கிறேன். செம்மொழி மாநாடு இங்கே நடந்த 2010ல்தான் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

ஈரோட்டிலிருந்து:
எனக்கு வேறு மாதிரி. ஜவுளிக் கம்பெனியில் சரக்குப் பட்டியல் பார்க்கிறேன், கண்ணெதிரே இருக்கிற ஸ்பானிஷ் சொல்லைத் தேடினால் இல்லை என்று வந்தது. அலைக்கோட்டு ‘என்’ஐ 241 என்று ஒரே எண்ணாகவும் வைக்கலாம், 110 என்ற ‘என்’னும் 771 என்ற தனி அலைக்கோடுமாகவும் வைக்கலாமாம். பார்வைக்கு ஒன்றேதான். நம் ‘கொ’வும் அப்படித்தான், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வரும், தனித்தனியாகவும் வரும். எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிய பிறகு தேடல் ஒழுங்காக வருகிறது. ஆமாங்க, இதை டைப் செய்வது எப்படி? நான் இன்னும் காப்பி எடுத்துத்தான் ஒட்டுகிறேன்.

திருப்பூரிலிருந்து:
அக்கா, ஆல்ட்டை அழுத்தியபடி நம்பர் பேடில் 0241 அடித்து, பிறகு ஆல்ட்டை விடுங்கள். மேல் வரிசை எண்களில் வராது. வேர்டில் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், அலைக்கோட்டுக் கீ மூன்றையும் சேர்த்து அழுத்தி விட்டுவிட்டு ‘என்’ அடித்தால் போதும். போனில் ‘என்’ மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாலே வந்துவிடும்.