அடிபட்ட முன்பல்லுக்குக் கிளிப் போட்ட கதை

என் மகன் எட்டு வயதில் பள்ளிப் படிக்கட்டில் விழுந்து மேல் முன்பல் ஆடிப்போனது. பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு வாரம் கம்பி கட்டினார்கள். பல் நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். நான்காவது மாதம் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் சீழ்க் கொப்புளம்.

வழக்கமான ரூட் கெனால் இதற்குச் சரிவராது என்றார் டாக்டர். அந்த வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது. நுனி புனல் வாய் மாதிரி திறந்திருக்கும், சுவரும் மெல்லிசு. உள்ளே கழுவி மருந்து வைத்தார். மூன்று வாரம் கழித்து, மெல்லிய ஊசியால் வேர் நுனியைத் தாண்டித் தொட்டு ரத்தம் வரவழைத்து, அது உறைந்ததும் மேலே எம்டிஏ என்ற சிமென்ட் வைத்து அடைத்தார். அந்த உறைவைப் பிடித்துக்கொண்டுதான் புதுத் திசு வளருமாம். ஒன்றரை வருடத்தில் நுனி மூடியது. எக்ஸ்-ரேயில் அதைப் பார்த்த அன்று அழுதுவிட்டேன்.

பன்னிரண்டு வயதில் பல் தூக்கலாக இருக்கிறதென்று கிளிப் பேச்சு வந்தது. முதலில் போன இடத்தில் பழைய அடியைப் பற்றிக் கேட்கவே இல்லை, அடுத்த வாரமே ஒட்டலாம் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா எல்லா எக்ஸ்-ரேயையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பல் நகர்வது வேரைச் சுற்றியுள்ள சவ்வால்தான், உள்ளிருக்கும் நரம்பால் அல்ல என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சவ்வு நன்றாக இருந்ததால் ஆரம்பித்தார், மிக லேசான கம்பியோடு. ஆறாவது மாத எக்ஸ்-ரேயில் வேர் நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தது. மூன்று மாதம் இழுக்காமல் ஓய்வு கொடுத்து, மறுபடி எக்ஸ்-ரே எடுத்த பிறகே தொடர்ந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. பல் இன்றும் உறுதியாக இருக்கிறது, நிறம் மட்டும் சற்று மங்கல்.

•

அக்கா, என் மகளுக்கு இப்படி அமையவில்லை. பல் முழுதாகக் கழன்று விழுந்து திரும்ப வைத்தது. அது எலும்போடு ஒட்டிவிட்டது. டாக்டர் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினால் அந்தப் பல் மட்டும் உலோகத்தில் தட்டியது போல ஒலிக்கும். அவள் வளர வளர, பக்கத்துப் பற்கள் இறங்கின, அது மட்டும் மேலேயே நின்றது. அதைக் கிளிப்பால் இழுத்தால் மற்ற பற்கள்தான் அதை நோக்கி நகரும் என்று டாக்டர் தொடவே இல்லை. கழன்ற பல்லை உடனே பாலில் போட்டிருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் டிஷ்யூவில் சுற்றி எடுத்துப்போனோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்துவிட்டது.

•

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தங்கச்சி. அந்த நேரத்தில் யாருக்குப் பால் ஞாபகம் வரும்? அவளுடைய முதல் எக்ஸ்-ரேயிலிருந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்துக்கொள். எங்களுக்கு அந்த ஃபைல்தான் கைகொடுத்தது. இப்போது மகன் கபடிக்குப் போகும்போது பல்லுக்கு அளவெடுத்துச் செய்த கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறான்.