புதுப்பிப்பு: சாஃப்ட்வேர் பியானோ தாமதம் தீர்ந்தது

தங்கச்சிமடத்தில் வீட்டிலேயே கிறிஸ்துமஸ் பாட்டுப் பதியும்போது, மிடி கீபோர்டில் (கணினியோடு இணைத்து வாசிக்கும் கீபோர்டு) கட்டையை அழுத்தினால் சாஃப்ட்வேர் பியானோ (கணினி மென்பொருள் தரும் பியானோ ஒலி) தாளத்துக்குப் பின்னாலேயே இழுக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அது சரியாகிவிட்டது.

பஃபர், அதாவது கணினி ஒலியை வெளியே விடும் முன் சேர்த்து வைக்கும் அளவு, 1024 சாம்பிளில் (ஒலியின் சின்னஞ்சிறு துண்டுகள்) இருந்தது. 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், அது மட்டுமே சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம். நீங்கள் சொன்னபடி ஏசியோ டிரைவருக்கு (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) மாறி பஃபரை 128 ஆக்கினேன், சுமார் 3 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. ஆனாலும் இழுவை முழுசாகப் போகவில்லை. காரணம் மாஸ்டரில் (எல்லா டிராக்கும் ஒன்றுசேரும் இடம்) இருந்த லிமிட்டரும் (சத்தம் அளவு மீறாமல் தடுப்பது) லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் (ஒலியின் தன்மையைச் சரிசெய்யும் ஒரு வகைக் கருவி): இவை வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து வேலை செய்பவை, அதற்காக எல்லா டிராக்கும் சேர்ந்து காத்திருக்க வேண்டும், பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இது குறையாது. சில மென்பொருளில் பைபாஸ் (ஒலி அந்தக் கருவியைத் தாண்டிப் போகும்படி விடுவது) போட்டாலும் தாமதம் அப்படியே நிற்கும், முழுசாக ஆஃப் செய்துவிடுங்கள். செய்ததும் விரல் பட்டவுடன் சத்தம் வந்தது, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், பஃபர் 128-இல் இருக்கும்போது டிராக் கூடக்கூடக் கணினி திணறி, சத்தம் படபடவென்று வெடிக்கும். அதனால் வாசித்து முடித்த டிராக்கை ஃப்ரீஸ் பண்ணுங்கள் (தற்காலிகமாக ஒலிக் கோப்பாக மாற்றிக் கணினியின் சுமையைக் குறைப்பது), மிக்ஸிங் (டிராக்குகளைச் சேர்த்துச் சமப்படுத்துவது) வரும்போது பஃபரை மறுபடி 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம். பாம்பன் தம்பி ப்ளூடூத் ஹெட்போன் பற்றிக் கேட்டிருந்தார். அதிலும் தாமதம் உண்டு, வாசிக்கும்போது அது வேண்டாம் தம்பி, வயர் உள்ளதையே போடுங்கள்.